தேசத்தின் எல்லையும் குடியானவனின் எல்லையும்

பூமிப் படங்களை யார் வரையலாம், யார் விற்கலாம், பிறதேசத்தார் அவற்றை எம்மட்டும் கையாளலாம் என்னும் விஷயங்களைப் பற்றி நமது மத்திய சர்க்கார் சென்ற சில வருஷங்களாக மிகவும் ஆலோசித்து வந்திருக்கின்றனர். விதிகள் பிறந்திருக்கின்றன, கொள்கைகள் வெளியாகியிருக்கின்றன, கோடிக்கணக்கான பொதுப் பணம் ஆகாயத்திலிருந்து நிலத்தை அளக்கும் காரியத்தில் செலவாகி வருகிறது. இவற்றையெல்லாம் நாம் குறை கூறவில்லை. ஆயின், இவ்வளவு ஆலோசனைக்கும் நடுவில் ஒரு சிறு கேள்வி போதிய கவனத்தைப் பெறாமலே நிற்கின்றது. சர்க்கார் வெளியிடும் படம் எவ்வளவு சரியானது? அதில் எத்தனை அடி, எத்தனை அங்குலம் பிழை இருக்கக்கூடும்? அப்பிழையைச் சோதித்தவர் யார்? குடியானவன் தன் நிலத்தின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இம்மூன்று கேள்விகளையும் கேட்பானாயின், அப்படத்திலேயே விடை எழுதியிருக்க வேண்டும் என்பதே நமது கட்சி.

இது பண்டிதர்களுக்கு மாத்திரம் உரிய விவகாரம் என்று நமது வாசகர்கள் எண்ணலாகாது. 1923-ஆம் வருஷத்து சர்வே மற்றும் எல்லைகள் சட்டம் நமது ராஜ்யத்தில் இன்றும் அமலில் உள்ளது. அதன் 13-ஆவது பிரிவின்படி, ஒரு கிராமத்தின் சர்வே முடிவடைந்ததாக விளம்பரம் செய்யப்பட்டுவிட்டால், அந்த சர்வேயின் பதிவு எல்லைகள் சரியாகவே நிர்ணயிக்கப்பட்டுள்ளன என்பதற்கு முடிவான அத்தாட்சியாகிவிடும். அதை மாற்ற விரும்புகிறவன் மூன்று வருஷத்திற்குள் சிவில் கோர்ட்டில் தாவா செய்து டிக்ரி பெற வேண்டும். காலம் கடந்தால் கதவு அடைபட்டுவிடும். சட்டம் ஒரு படத்திற்கு இதற்கு மேற்பட்ட அதிகாரத்தைக் கொடுக்க முடியாது. மனிதனுடைய சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்யலாம். பத்திரத்தின் கையெழுத்தை ஆட்சேபிக்கலாம். இந்தப் படமோ காலக் கெடு கடந்தபின் எதிர்க்கேள்விக்கு அப்பாற்பட்டு நிற்கிறது. அப்படிப்பட்ட சாட்சி தனது பார்வை எவ்வளவு கூர்மையானதென்று முன்னதாகவே சொல்லிவிட வேண்டியது நியாயமல்லவா?

பிழையே இல்லாத படம் உலகத்தில் இல்லை. சங்கிலி வெயிலில் நீளும், கருவி தேயும், காகிதம் சுருங்கும், அளப்பவன் கண் அயரும். ஆகவே, பிழை இருக்கிறதென்று சொல்வது எந்த உத்தியோகஸ்தருக்கும் அவமானமன்று. பிழையின் அளவைச் சோதித்து அறியாமலிருப்பதும், அறிந்ததைச் சொல்லாமலிருப்பதுமே அவமானம்.

இந்த உண்மையை நாம் எங்கேயோ தேடிப் போய்க் கற்க வேண்டியதில்லை. சென்னைக்கு அருகில் பரங்கிமலையடியிலேயே அது தொடங்கிற்று. 1802-ஆம் வருஷம் வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கில ராணுவ உத்தியோகஸ்தர் அங்கே சமதரையில் சுமார் ஏழரை மைல் நீளமுள்ள ஒரு ஆதாரக் கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். பாரத தேசம் முழுவதையும் முக்கோணங்களால் அளந்த மகா சர்வே அந்தக் கோட்டிலிருந்தே விரிந்தது. அவர் அதோடு நிற்கவில்லை. 1804-இல் பெங்களூருக்கு அருகில் மற்றொரு கோட்டைத் தரையிலேயே மீண்டும் அளக்கச் செய்தார். சென்னையிலிருந்து கணக்கிட்டு வந்த நீளத்திற்கும், தரையில் அளந்த நீளத்திற்கும் ஏழு மைலில் ஏற்பட்ட வித்தியாசம் நான்கு அங்குலத்திற்கும் குறைவு. இரண்டாவது கோட்டின் பிரயோஜனம் என்ன? தன் வேலையைத் தானே சோதனைக்கு உட்படுத்துவதே. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள அவரது கோணமானி சுவரில் மோதிச் சேதமுற்றது. சேதமுற்ற கருவியைக் கொண்டு அளவையைத் தொடர அவர் இசையவில்லை. வாரக் கணக்கில் உட்கார்ந்து அதைச் செப்பனிட்ட பிறகே வேலையைத் தொடர்ந்தார்.

அந்த அளவை யாருடைய நன்மைக்காக நடந்தது என்பதை நாம் மறக்கவில்லை. கும்பினியாருக்கு வரி வேண்டியிருந்தது. பட்டாளம் நடத்த வழி வேண்டியிருந்தது. குடிகளைக் கேட்டுக்கொண்டு எவரும் அளக்கவில்லை. ஆயினும், அந்நியருடைய காரியத்திற்காக அளந்தவர்களே தங்கள் பிழையைத் தாங்களே அளந்து எழுதி வைத்தனரென்றால், குடிகளுடைய வாக்கினால் அமைந்த சர்க்கார், குடிகளுடைய நிலத்தைக் குடிகளுடைய பணத்தைக் கொண்டே அளக்கும்போது, அதற்குக் குறைந்த ஒழுங்கை அநுஷ்டிப்பது தகுமா?

பிற தேசங்கள் என்ன செய்திருக்கின்றன? அமெரிக்க சர்க்கார் 1941-இல் ஒரு தேசியப் படத் துல்லிய நியமத்தை வெளியிட்டு, 1947-இல் திருத்தி அமைத்தனர். அதன் சாரம் மிகவும் எளிது. பெரிய அளவுப் படங்களில், சோதித்த இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறாவது படத்தின் மீது அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்குக்குள் சரியாக இருக்க வேண்டும்; 1:20,000 முதலான சிறிய அளவுப் படங்களில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 1:24,000 அளவுள்ள படத்தில் இது தரையில் 40 அடி. சோதனையில் தேறிய படம் அவ்விதமே தன் முகத்தில் அச்சிட்டுக்கொள்ளலாம். தேறாத படம் நியமத்தின் பெயரையே எடுக்கலாகாது.

காகிதப் படம் போய் எண்களால் ஆன படம் வந்தபிறகு, எந்த அளவிலும் அதைப் பெருக்கிப் பார்க்கலாமென்று ஏற்பட்டுவிட்டது. எனவே, காகிதத்தின் மேல் அங்குலக் கணக்குச் சொல்வது பொருளற்றதாயிற்று. அதனால் 1998-இல் அவர்கள் வேறொரு நியமத்தை ஏற்படுத்தினர். படத்தை வரைவதற்கு உபயோகிக்காத இடங்களாகக் குறைந்தது இருபதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவற்றைப் படத்தைவிட நுட்பமான தனி அளவையால் தரையில் அளக்க வேண்டும். இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து இடங்களில் பிழை இத்தனை மீட்டருக்கு மேற்படாது என்று தரையின் அளவிலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இவ்வளவு பிழைக்கு மேல் கூடாது என்று அந்த நியமம் எல்லாப் படங்களுக்கும் ஒரே வரம்பை விதிக்கவில்லை; வரம்பை அவரவர் காரியத்திற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளதைச் சோதித்து ஒரே பாஷையில் சொல்லிவிட வேண்டும். நியமம் என்பதன் உயிர் இதில்தான் இருக்கிறது.

இனி நமது தேசத்து நிலையைப் பார்ப்போம். 1961-ஆம் வருஷத்துக் குற்றச் சட்டத் திருத்தத்தில் 1990-இல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, இந்திய சர்வே இலாகாவின் படத்திற்கு மாறாக இந்தியாவின் படத்தை வெளியிடுகிறவன் ஆறு மாதம் வரை சிறை செல்லலாம். 2016-இல் சர்க்கார் வெளியிட்ட ஒரு நகல் மசோதா, தேசப் படத்தைத் தவறாகக் காட்டினால் நூறு கோடி ரூபாய் வரை அபராதமும் ஏழு வருஷம் வரை சிறையும் விதிக்க உத்தேசித்தது. எதிர்ப்பு மிகுந்ததால் அது சட்டமாகவில்லை. தேசத்தின் எல்லை தவறாக வரையப்படலாகாது என்பதில் நமக்கு யாதொரு ஆட்சேபமுமில்லை. நாம் கேட்பது வேறு. தேசத்தின் எல்லையைத் தவறாக வரைந்த பத்திரிகைக்காரனுக்குச் சிறை. குடியானவனின் எல்லையைத் தவறாக வரைந்த படத்திற்கோ முடிவான அத்தாட்சி என்ற பட்டம். இது எந்த நீதி?

2021 பிப்ரவரி 15-ந் தேதி வெளியான மத்திய சர்க்காரின் விதிமுறைகள் பழைய தடைகள் பலவற்றை நீக்கின. இந்தியர்கள் படம் வரைவதற்கு முன்கூட்டியே அநுமதி பெற வேண்டுவதில்லை என்றாயிற்று. அதை நாம் மனமார வரவேற்கிறோம். தன் ஊரைத் தான் அளப்பதற்கு ஒருவன் மனுப் போட்டுக்கொண்டு நிற்பது சுதந்திர தேசத்திற்கு அழகன்று. அவ்விதிமுறைகளில் இரண்டு எண்கள் காணப்படுகின்றன: கிடைமட்டத்தில் ஒரு மீட்டர், உயரத்தில் மூன்று மீட்டர். இவை எதற்காக ஏற்பட்டவை? சர்க்கார் படம் இதற்குக் குறையாத துல்லியம் உடையதாயிருக்க வேண்டும் என்பதற்காகவன்று. இதைவிட நுட்பமான தகவலை இந்தியர் மாத்திரமே உண்டாக்கலாம், அதை இந்தியாவிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதற்காக. அதாவது, துல்லியம் என்பது பிறர் கைக்குப் போகலாகாத பொருளாகக் கருதப்படுகிறது. குடிகளுக்குச் செலுத்த வேண்டிய கடனாகக் கருதப்படவில்லை. வேலி போடத் தெரிந்த சர்க்காருக்கு வேலிக்குள் விளைச்சல் எவ்வளவென்று சொல்லவும் தெரிய வேண்டாமா?

ஒரு மீட்டர் என்பது கேட்பதற்குச் சொற்பம். நூறடி நீளமுள்ள ஒரு வரப்பு படத்தில் ஒரு மீட்டர் தள்ளி விழுந்தால், கைமாறும் நிலம் சுமார் 328 சதுர அடி. ஏறக்குறைய முக்கால் சென்ட். பத்து சென்ட் மனையை வைத்துக்கொண்டு பெண்ணுக்குக் கலியாணம் செய்ய நினைக்கும் ஏழைக்கு முக்கால் சென்ட் சொற்பமா? நீதிஸ்தலங்களில் பழகியவர்கள் அறிவார்கள்: எல்லைத் தாவாக்களில் பல அரை அடிக்கும் ஓரடிக்குமே நடப்பவை. கோர்ட்டார் நியமித்த கமிஷனர் சர்வேயரை அழைத்துக்கொண்டு போய் அளந்து ஒரு கணக்குக் கொடுக்கிறார். எதிர்க்கட்சிக்காரன் வேறொரு சர்வேயரைக் கொண்டு அளந்து வேறொரு கணக்குக் கொடுக்கிறான். இரண்டும் எந்தப் படத்திலிருந்து புறப்பட்டனவோ, அந்தப் படத்தின் பிழை என்னவென்று இருவருக்கும் தெரியாது; நீதிபதிக்கும் தெரியாது. வழக்கு மாத்திரம் தந்தை காலத்திலிருந்து மகன் காலத்திற்கு இறங்குகிறது.

2022 டிசம்பரில் வெளியான தேசியக் கொள்கை, 2030-க்குள் பட்டணங்களையும் கிராமங்களையும் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் நுணுக்கத்தில் படமெடுப்பது என்றும், சமவெளியின் உயரங்களை இருபத்தைந்து சென்டிமீட்டர் துல்லியத்தில் கணிப்பது என்றும் லக்ஷியம் வகுத்திருக்கிறது. உயர்ந்த லக்ஷியந்தான். ஆனால் லக்ஷியம் வேறு, நியமம் வேறு. அன்றியும், இங்கே ஒரு மயக்கம் ஏற்பட இடமிருக்கிறது. நுணுக்கம் என்பது படத்தில் எவ்வளவு சிறிய பொருள் கண்ணுக்குத் தெரிகிறது என்பது. துல்லியம் என்பது தெரியும் பொருள் அதற்குரிய இடத்தில் இருக்கிறதா என்பது. கிணற்று மேட்டின் ஒவ்வொரு செங்கல்லும் தெரியும்படி எடுத்த படத்தில் அந்தக் கிணறே இரண்டடி கிழக்கே நகர்ந்திருக்கலாம். தெளிவான படத்தைக் கண்டவன் அது சரியான படமென்று நம்பிவிடுவது மனித சுபாவம். மங்கிய படத்தை மக்கள் சந்தேகிப்பார்கள். பளிச்சென்று இருப்பதைச் சந்தேகிக்க மாட்டார்கள். ஆகையால் பழைய படங்களைவிடப் புதிய படங்களுக்கே சோதனை அதிக அவசியம்.

2020 ஏப்ரலில் தொடங்கிய ஸ்வாமித்வா என்னும் திட்டத்தின்படி, கிராமங்களின் குடியிருப்புப் பகுதிகள் ஆளில்லா விமானங்களைக் கொண்டு 1:500 அளவில் படமெடுக்கப்பட்டு, வீட்டுக்காரர்களுக்குச் சொத்துரிமை அட்டைகள் வழங்கப்பட்டு வருகின்றன. தலைமுறை தலைமுறையாகக் காகிதமின்றிக் குடியிருந்தவர்களுக்கு ஒரு காகிதம் கிடைப்பது பெரிய நன்மை. அந்த அளவில் படத்தின் மீது ஒரு மில்லிமீட்டர் தரையில் ஐம்பது சென்டிமீட்டர். ஒரு சுவரின் கனத்தைவிட அதிகம். இரண்டு வீடுகளுக்கும் பொதுவான சுவர் எவனுடையது என்ற சண்டையை இந்த அட்டை தீர்க்கும் என்று சொல்ல வேண்டுமானால், அந்தந்த ஊரின் படம் எவ்வளவுக்குச் சோதிக்கப்பட்டது என்பது அட்டையிலேயே காணப்பட வேண்டும்.

இடம் சரியாயிருப்பது மாத்திரம் போதாது. இருப்பதெல்லாம் படத்தில் வந்திருக்க வேண்டும். கேரளத்தில் நடந்ததை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேசியப் பூங்காக்கள், வனவிலங்குச் சரணாலயங்கள் ஆகிய பாதுகாக்கப்பட்ட காடுகளைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வளையம் வேண்டுமென்று 2022 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டபின், அவ்வளையத்திலுள்ள கட்டடங்களைச் செயற்கைக் கோள் படங்களைக் கொண்டு அந்த ராஜ்ய சர்க்கார் கணக்கெடுத்து, அந்த வருஷ டிசம்பரில் அறிக்கை வெளியிட்டனர். வீடுகளும் கட்டடங்களும் பல விடுபட்டிருக்கின்றன என்று மலைநாட்டு விவசாயிகள் கொதித்தெழுந்தனர். பிறகு கிராமந்தோறும் உதவி நிலையங்கள் வைத்து ஆட்சேபங்களை வாங்கித் தரையில் சரிபார்க்க வேண்டியதாயிற்று. சுப்ரீம் கோர்ட்டும் 2023 ஏப்ரலில் தனது உத்தரவைத் தளர்த்திற்று. மரநிழலில் இருக்கும் வீட்டை மேலிருந்து பார்க்கும் கண் காணாது என்பது தெரியாத ரகசியமா? தரையில் சோதித்து, விடுபட்டவை நூற்றுக்கு இத்தனை இருக்கலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால், கிளர்ச்சிக்கு இடமேது?

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை மாநகரம் கடல் மட்டத்திற்குச் சராசரி ஆறேழு மீட்டர் மேலே அமைந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஒரு தெரு மூழ்கியதற்கும் அடுத்த தெரு தப்பியதற்கும் காரணம் பல இடங்களில் மூன்று நான்கு அடி மேடு பள்ளமே. அப்படிப்பட்ட ஊரில் மூன்று மீட்டர் பிழையுள்ள படத்தைக் கொண்டு வெள்ள எச்சரிக்கை கொடுப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு வழி சொல்வதாகும்.

மனிதன் நிற்கும் இடத்தைச் சொல்லும் தகவலும் இவ்வகையைச் சேர்ந்ததே. கைப்பேசி திறந்த வெளியில் சுமார் ஐந்து மீட்டருக்குள் இடம் காட்டும். கட்டடங்களுக்கு இடையிலோ அது பன்மடங்கு பிசகும். ஆபத்தில் அழைக்கிறவனுக்கு அந்தப் பிசகே உயிர்ப் பிரச்னை. அமெரிக்காவின் தந்தி தொலைபேசிக் கமிஷனர்கள் 2015-இல் இதற்கும் நியமம் விதித்தனர்: ஆறு வருஷத்திற்குள், அவசர அழைப்புகளில் நூற்றுக்கு எண்பதில் அழைப்பவனின் இடத்தை ஐம்பது மீட்டருக்குள் காட்ட வேண்டும், அல்லது அவன் இருக்கும் விலாசத்தையே தர வேண்டும் என்று கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தினர். 108-க்கும் 112-க்கும் அழைக்கும் நமது ஜனங்களின் உயிர் அவர்கள் உயிரைவிட மலிவானதன்று.

இதற்குச் சிலர் கூறும் ஆட்சேபங்களையும் கவனிப்போம். சோதனைக்குச் செலவாகும் என்கின்றனர். ஒரு படத்திற்கு இருபது இடங்களைத் தரையில் அளப்பது ஒரு சிறு கூட்டத்தாருக்குச் சில நாள் வேலை. அந்தச் செலவு ஒரே ஒரு எல்லைத் தாவாவில் இரு கட்சிக்காரரும் இழக்கும் பணத்தின் முன் எம்மாத்திரம்? பிழையைச் சொன்னால் வழக்குகள் பெருகும் என்கின்றனர். வழக்குகள் இப்பொழுதே பெருகித்தான் கிடக்கின்றன. பிழையளவு தெரிந்தால், அதற்கு உட்பட்ட சண்டையைப் படத்தைக் கொண்டு தீர்க்க முடியாது, கல்லையும் அநுபோகத்தையும் பார்க்க வேண்டும் என்று இரு கட்சிக்காரருக்கும் விளங்கும்; சமாதானத்திற்கு வழி பிறக்கும். தேசப் பாதுகாப்புக்குப் பங்கம் என்கின்றனர். நாம் கோட்டைகளின் படத்தைக் கேட்கவில்லை. நமது வீட்டுப் படத்தின் பிழையைக் கேட்கிறோம். எதிரிக்கு அதனால் என்ன லாபம்?

ஆகவே நாம் வேண்டுவன இவை. சர்க்கார் வெளியிடும் ஒவ்வொரு படத்திலும், அளந்த தேதி, அளந்த முறை, சோதித்துக் கண்ட பிழையளவு ஆகியவை தமிழில் அச்சிடப்பட வேண்டும். சோதிப்பவர் வரைந்தவராக இருக்கலாகாது; சோதித்த இடங்களின் ஜாபிதா எவரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். நத்தத்திற்கு ஒரு வரம்பு, நஞ்சை புஞ்சைக்கு ஒரு வரம்பு, காட்டிற்கு ஒரு வரம்பு, வெள்ளப் படத்திற்கு ஒரு வரம்பு என்று காரியத்திற்கேற்ற நியமங்கள் சட்டபூர்வமாக ஏற்பட வேண்டும். பொதுப் பணத்தில் தனிக் கம்பெனிகள் செய்து கொடுக்கும் படங்களுக்கும் இவ்விதிகள் பொருந்த வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, பிழையளவு சொல்லாத எந்தப் படத்தையும் முடிவான அத்தாட்சியாகக் கொள்ளலாகாது என்று 1923-ஆம் வருஷத்துச் சட்டத்தைச் சட்டசபையார் திருத்த வேண்டும்.

ஊர்தோறும் உள்ள நமது ஊழியர்களுக்கும் இதில் கடமை உண்டு. மறு சர்வே நடக்கும் கிராமங்களில், விளம்பரம் வெளிவருமுன் படத்தைப் பஞ்சாயத்து ஆபீஸில் வைக்கும்படி கேளுங்கள். அளக்க வரும் நாளில் குடிகளைத் தங்கள் எல்லைக்கல்லின் அருகில் நிற்கச் சொல்லுங்கள். மூன்று வருஷக் கெடுவை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். படத்தைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்கும் உத்தியோகஸ்தரை மரியாதையாக ஒன்று கேளுங்கள்: இதில் பிழை எவ்வளவு? அவர் விடை சொல்ல முடியாமல் திரும்புவாரானால், அவர் மீது கோபம் வேண்டாம். அவருக்கு விடையைக் கொடுத்தனுப்பாத சர்க்காருக்கு எழுதுங்கள். ஆயிரம் கிராமங்களிலிருந்து அந்த ஒரே கேள்வி புறப்படுமாயின், நியமம் தானே பிறக்கும். தேசத்தின் எல்லையைக் காப்பவர்கள் நாட்டின் மைந்தர்கள். அம்மைந்தர்களுடைய வீட்டு எல்லையைக் காப்பது சர்க்காரின் கடமை.